கழுவாத படம்

எங்கள் பிரஸ்ஸிலிருந்து எந்தப் படமும் கழுவாமல் வெளியே போனதில்லை. ‘கழுவுவது’ என்பது எங்கள் பிரிவில் புழங்கிய சொல். ஸ்கேன் செய்த படத்தைக் கணினியில் திறந்து, அதிலிருக்கும் புள்ளி, கீறல், அழுக்கு, வேண்டாத கம்பி, வேண்டாத ஆள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வானத்துக்குக் கொஞ்சம் நீலமும் கன்னத்துக்குக் கொஞ்சம் சிவப்பும் ஏற்றி அச்சுக்கு அனுப்புவதற்கு அதுதான் பெயர். சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவர்களுக்கு இது பல் விளக்குவது மாதிரி, யாரும் சொல்லிச் செய்வதில்லை. ஏரியில் பாசி இருந்தால் பாசி போய்விடும். குழந்தை மூக்கில் சளி இருந்தால் சளி போய்விடும். சாமி படம் வரைந்தவர் தூக்கக் கலக்கத்தில் ஆறு விரல் போட்டிருந்தால் ஒரு விரல் போய்விடும்.

கழுவுகிறவர் ஒரு அண்ணன். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கணினி வருவதற்கு முன்பே நெகட்டிவில் தூரிகை வைத்துப் பழகிய கை. அவர் கழுவிய முருகன் படத்தைப் பார்த்து எங்கள் முதலாளியே ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் அது தன் பிரஸ்ஸில் அடித்தது என்று ஞாபகம் வந்து சிரித்தார். அண்ணனுக்கு எருமைப் பொறுமை. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ஒரே ஏசி அறையில் அவருக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை. நான் ஸ்கேன் செய்து பொதுவான ஃபோல்டரில் போடுவேன், அவர் எடுத்துக் கழுவி அதே பெயரில் அதே இடத்தில் சேமிப்பார். அழுக்குப் படத்தைத் தனியாக வைத்துக்கொள்ள அன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இடமும் கிடையாது, வைக்க வேண்டும் என்ற நினைப்பும் யாருக்கும் கிடையாது.

இரண்டாயிரத்துச் சொச்சம் அது. எங்கள் வீடு நாரணாபுரத்தில். அம்மா காலையில் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறுவாள், நான் அடுத்த வேனில் டவுனுக்குப் போவேன். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் எங்கள் தெருவில் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒரு ஆடி மாதம், ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையிலிருந்து பேராசிரியை ஒருவர் இரண்டு தகரப் பெட்டிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டிக்குள் பழைய புகைப்படங்களும் வீட்டு வரைபடங்களும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் இருக்கிற, இருந்த கட்டடங்கள். வியாபாரிகளின் வீடுகள், மிளகாய் மண்டிகள், சத்திரங்கள், தீப்பெட்டி ஆபீஸ்கள். வீடு வீடாகப் போய் இரவல் கேட்டு வாங்கி வந்திருந்தார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் வைப்பது, பிறகு இன்டர்நெட்டில் ஏற்றி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி செய்வது என்பது திட்டம். அவர்களிடம் இருந்த ஸ்கேனரில் பெரிய தாள் நுழையாது. சிவகாசியில் நுழையாத தாள் ஏது?

பாதிக் கட்டடங்கள் இப்போதே இல்லை, மீதியும் எத்தனை நாளைக்கோ, படமாவது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றார் அவர். ஒரே ஒரு நிபந்தனை. எதையும் மாற்றக் கூடாது, கறை இருந்தால் கறையோடு வேண்டும். கறையைப் பார்த்தால் கூரை எங்கே ஒழுகியது என்று தெரியுமாம். கம்பியைப் பார்த்தால் கரண்டு எப்போது வந்தது என்று தெரியுமாம். அழுக்குக்கு இத்தனை மரியாதை கொடுக்கும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார்.

பாதிப் படங்கள் முடித்திருந்தபோது எனக்கு அம்மை போட்டது. வேப்பிலையை விரித்து அம்மா என்னைப் படுக்க வைத்துவிட்டாள். மீதிப் படங்களை அண்ணனே ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் சிடியில் ஏற்றி, பெட்டிகளோடு பேராசிரியையிடம் ஒப்படைத்துவிட்டார். நல்ல மனுஷன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அம்மைத் தழும்போடு நான் வேலைக்குத் திரும்பிய வாரம் பேராசிரியை வந்து நின்றார். கையில் சில படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், எல்லாவற்றிலும் நீல வானம். ஒரு மிளகாய் மண்டி, பல வருஷத்து வத்தல் தூசி மொத்தமும் போய், நேற்றுத்தான் வெள்ளையடித்தது போலப் பளபளத்தது. ஒரு சத்திரத்தின் வாசலில் இருந்த வெடிப்பைக் காணோம், கம்பத்தைக் காணோம், கம்பத்தில் கட்டியிருந்த ஆட்டையும் காணோம். அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், பாராட்டை எதிர்பார்த்து.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று அவர் கேட்டதற்கு அண்ணன் நிதானமாகப் பதில் சொன்னார்.

“எல்லாப் பார்ட்டியும் அப்படித்தான் சொல்லுவாக மேடம். அப்புறம் அச்சுல வந்ததும், கறை ஏன் இருக்குன்னு நம்மகிட்டதான் சண்டைக்கு வருவாக.”

பேராசிரியை கையிலிருந்த படங்களை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார். அவருடைய மாணவர்களாக இருந்தால் தொலைந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூலப் படங்கள் அவரிடமே இருந்ததால் நான் எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்தேன். ஒன்றே ஒன்று மட்டும் முடியவில்லை. அது விருதுநகரில் ஒரு குடும்பத்தின் ஆல்பத்திலிருந்து எடுத்தது. ஆல்பம் அவர்களிடம் திரும்பிப் போயிருந்தது. அதோடு போன கழுவிய படம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போய், பெரிதாகப் பிரிண்ட் போட்டு வேறு வாங்கியிருந்தார்கள். திரும்பக் கேட்டால் சங்கடப்படுவார்கள், கட்டடம்தான் முழுசாகத் தெரிகிறதே என்று பேராசிரியை அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டார். ‘திருத்தப்பட்ட படம்’ என்று கீழே ஒரு குறிப்பு மட்டும் போட்டார்.

அந்தப் படம் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸின் முகப்பு. உருண்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும் அகலமான தாழ்வாரம், மேலே கைப்பிடிச் சுவரில் இரண்டு சுதைக் கிளிகள். கட்டடத்தை எப்போதோ இடித்தாயிற்று. அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. அண்ணன் தன் வாழ்நாளில் கழுவியதிலேயே அதுதான் உச்சம் என்று நினைத்தார். தன் கணினித் திரையில் நிரந்தரமாக அதை வைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று வீட்டுக்காரர்களையெல்லாம் பிரஸ்ஸுக்குக் கூட்டி வரலாம். அச்சு இயந்திரங்களுக்கு மாலை, கட்டிங் மெஷினுக்குப் பூசணிக்காய், எங்கள் மானிட்டர்களின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அன்று யாரும் வேலை செய்யக் கூடாது, மவுசைத் தொடக் கூடாது. ஆனால் அண்ணன், வருகிறவர்கள் தன் படத்தைப் பார்க்கட்டும் என்று திரையை மட்டும் போட்டு வைத்திருந்தார்.

அம்மா பொரிப் பொட்டலத்தோடு சுற்றி வந்தவள் அண்ணனின் மானிட்டர் முன்னால் நின்றுவிட்டாள். நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. இது எங்க தீப்பெட்டி ஆபீஸ்தானே என்றாள். கல்யாணத்துக்கு முன்னால், சின்னப் பிள்ளையில், மருந்தில் முக்குவதற்காகக் கட்டை என்கிற மரச்சட்டத்தில் குச்சி அடுக்கப் போன இடம். நெருங்கிப் போய் மூன்றாவது தூணின் அடியில் விரலை வைத்தாள்.

“இங்கன நாங்க அஞ்சு பேரு உக்காந்திருந்தோமே. எங்கள எங்க?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் பூசணிக்காயைப் பார்த்தார். ஆமாம், சின்னதாக ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள், தூணை மறைத்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்துத் தூணிலிருந்தும் தரையிலிருந்தும் எடுத்து அப்பிச் சரி செய்துவிட்டேன் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் நான் சொன்னதெல்லாம் சரஸ்வதி முன்னால் சொல்லத் தக்கதல்ல. அம்மாதான், நல்ல நாளும் அதுவுமாக ஏன் கத்துகிறாய், பொரியைத் தின்னு என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் விஷயம் முழுதாக வந்தது. அந்த ஆபீஸ் முதலாளி விருதுநகரிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டிவந்த நாள் அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தாழ்வாரத்தில் இருந்த பிள்ளைகளை, அசையாமல் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு எடுத்தார்களாம். அதற்குப் பிறகு அந்தப் படத்தை அம்மா கண்ணால் பார்த்ததில்லை. யார் காட்டப்போகிறார்கள்? அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவளுடைய கூட்டாளி. பொழுதுக்கும் ஒன்றாகவே திரிந்தவர்கள். கூட்டாளியைத் தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே பட்டாசு ஆபீஸில் வேலை. ஒருநாள் மத்தியானம் அறை வெடித்து, போய்விட்டாள். கைக்குழந்தை ஒன்று இருந்தது. அந்தக் கூட்டாளிக்கு உலகத்தில் வேறு படம் கிடையாது. அவள் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கவில்லை.

அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, பத்து வயதில் ஒரு மகளோடு தாயில்பட்டியில்தான் இருக்கிறாள். எனக்கு அக்கா முறை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா கரும்போடு அவளைப் பார்க்கப் போவாள். அவளும் ஒவ்வொரு பொங்கலுக்கும், “எங்கம்மா எப்படி சித்தி இருப்பா?” என்று கேட்பாள். நல்லா இருப்பா தாயி என்பாள் அம்மா. அவ்வளவுதான் சொல்வாள்.

ஆக, ஒரு தூண் முழுசாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஒரே முகத்தை எங்கள் அறையில் வைத்துத் துடைத்திருக்கிறார்கள். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் அன்று இறங்கவே இல்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொடங்கும் வேலை விளங்கும் என்று எல்லாரும் முக்கியமான வேலையைத்தான் முதலில் தொடுவார்கள். அண்ணன் விடிந்ததும் வந்து உட்கார்ந்திருந்தார். நான் போனபோது அந்தப் படத்தில் மூன்றாவது தூணுக்குக் கீழே ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருந்ததை எடுத்தோம், எடுத்ததைப் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அவருக்குத் தெரிந்த முகமெல்லாம் காலண்டர் முகம். ஐவருக்கும் மீன் போன்ற கண், எள்ளுப்பூ மூக்கு, ரோஸ் நிறம். ஒருத்திக்கு மூக்குத்தி மின்னியது. தீப்பெட்டிக் குச்சி அடுக்க வந்தவர்கள் தாமரைப்பூவை மட்டும் எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல இருந்தது.

அதைப் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“நாங்க இம்புட்டுச் செவப்பாவா இருந்தோம்? அப்படின்னா அன்னைக்கே எங்களக் கொண்டுபோயி கோயில்ல வச்சிருப்பாகளே.”

அண்ணன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பென்சிலும் தாளுமாக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா சொல்லச் சொல்ல வரைவதாக ஏற்பாடு. நெற்றி எப்படி, சின்ன நெற்றி. மூக்கு எப்படி, கொஞ்சம் சப்பை. சப்பை என்றால் எவ்வளவு சப்பை? அம்மா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், என் மூக்கைப் பார்த்தாள், இதை விட ஒரு பொட்டுக் கூட என்றாள். அவர் வரைந்த மூக்கெல்லாம் அம்பாள் மூக்காகவே நீண்டது. ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். முதலில் சிரித்துக்கொண்டிருந்த அம்மா போகப் போகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கடைசியில் பென்சிலைக் கீழே வைக்கச் சொன்னாள்.

“உங்க மேல தப்பில்ல தம்பி. எனக்குத்தான் மறந்து போச்சு. வருசா வருசம் அந்தப் பிள்ளைகிட்டப் போயி, ஞாபகம் இருக்கிற மாதிரியே பேசிட்டு வாரேன். அவ முகம் எனக்கு வர மாட்டேங்கு.”

அம்மா அழுகிறவள் அல்ல. அன்றும் அழவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணன் தாளைச் சுருட்டிக்கொண்டு, காபி கூடக் குடிக்காமல் போனார். மறுநாள் பிரஸ் போனிலிருந்து பேராசிரியைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த ஒரு படத்தைத் தான் விட்டிருக்கக் கூடாது என்றார். பிறகு, எப்போது விருதுநகர் போகலாம் என்று கேட்டார்.

தீபாவளி முடிந்த வாரம் பட்டாசு ஆபீஸ்கள் பூட்டிக் கிடக்கும், அம்மாவுக்கு வேலை இல்லை. அண்ணனுக்குக் காலண்டர் சீசன் தலைக்கு மேல். இருந்தாலும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கூப்பிடாமலே பஸ்ஸில் ஏறிக்கொண்டார். விருதுநகர் பரோட்டாவுக்காகத்தான் வருகிறேன் என்றார். யாரும் நம்பவில்லை. பேராசிரியை பஸ் நிலையத்தில் காத்திருந்தார். அந்த வீட்டுத் தெரு முழுக்க மிளகாய் வத்தல் மண்டிகள். தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து அண்ணன் தும்மிக்கொண்டே வந்தார். சிவகாசியில் கந்தகத்தை மூச்சாக இழுக்கிற மனுஷன், வத்தலுக்குத் தோற்றுவிட்டார்.

வீட்டுக்கார அம்மா பெரிய மனசுக்காரர். வாங்க வாங்க, சாப்பிட்டீகளா என்று எங்களை உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில், தேக்குச் சட்டத்துக்குள் எங்கள் பிரஸ் படம் தொங்கியது. நீல வானம், வெள்ளைத் தூண்கள், பச்சைக் கிளிகள். மாமனார் கட்டிய ஆபீஸ் என்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். அம்மா அதற்குக் கீழே போய் நின்றாள்.

பழைய படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பேராசிரியை கேட்டதும் அந்த அம்மா ஆல்பத்தைக் கொண்டுவந்தார். புரட்டினோம். அந்தப் பக்கத்தில் நான்கு ஓரத்தையும் பிடிக்கும் கறுப்பு முக்கோணங்கள் மட்டும் இருந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. அலமாரியைத் திறந்து பார்த்தார், மேலே இருந்த பெட்டியை இறக்கிப் பார்த்தார், எங்கும் இல்லை. புதுப் படம் வந்த ஜோரில் பழசை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பேராசிரியை தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அம்மா, சரி கிளம்புவோம் என்பது போல என்னைப் பார்த்தாள்.

காபி வந்தது. டம்ளரை நீட்டியபடியே அந்த அம்மா சட்டென்று நின்றார்.

“ஏங்க, அது புதுசாப் போட்ட சட்டம். சட்டம் போடக் குடுக்கயில பழைய போட்டோவையும் சேத்துத்தான் கண்ணாடிக் கடைக்குக் குடுத்தனுப்பிச்சோம். தூக்கிப் போட மனசு வராம, பின்னாலயே வச்சு அடிச்சிரச் சொன்னேன்.”

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். ஆனால் பொட்டு வைத்த படத்தைப் பிரிப்பதற்கு அவருக்குத் தயக்கம். தன் வீட்டுக்காரரின் கடைக்குப் போன் போட்டு அவரிடம் கேட்டார். அவர் பிரிப்பதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை, ராகு காலம் முடியட்டும் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு நீளமான ராகு காலத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் அண்ணன் உண்மையிலேயே போய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தார். அப்போதும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வரும்போது ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எங்கோ இரவல் வாங்கி வந்திருந்தார்.

சட்டத்தைப் பாயில் கவிழ்த்துப் போட்டு அவரே ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் அட்டை வந்தது. அதற்கடியில், முகம் குப்புற, பழுப்பேறிய ஒரு போட்டோ.

கிளியில் ஒன்றைப் பூச்சி அரித்திருந்தது. வானத்தில் பெரிய நீர்க் கறை. தூண்களில் காரை பெயர்ந்திருந்தது. மூன்றாவது தூணுக்குக் கீழே மடியில் கட்டைகளோடு ஐந்து பிள்ளைகள். தலை ஒவ்வொன்றும் மிளகு அளவுதான். பேராசிரியை பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. எனக்குப் பயமாகக் கூட இருந்தது. பிறகு குனிந்தபடியே சிரித்தாள்.

“பல்லு! இந்தா, ஒடஞ்ச பல்லு. கெணத்துப் படியில விழுந்து ஒடச்சா. இத எப்படி மறந்தேன்?”

கூட்டாளி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல்லில் ஒரு மூலை இல்லை. மற்றவர்கள் எல்லோரும் போட்டோக்காரருக்குப் பயந்து கல்லாக இருக்க, இவள் மட்டும் சிரிப்பு. பக்கத்தில் அம்மா இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை, ஒரு கலங்கல்தான். அம்மா அசைந்திருக்கிறாள்.

பேராசிரியையும் வாங்கிப் பார்த்தார். வடக்குப் பார்த்து இவ்வளவு அகலமாகத் தாழ்வாரம் எதற்கு என்று குழம்பிக்கொண்டிருந்தாராம். வெயில் படாமல் பிள்ளைகளை உட்கார வைத்து வேலை வாங்கத்தான் என்று இப்போது தெரிகிறது என்றார். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்கார அம்மா போட்டோவை எங்களிடம் கொடுத்தனுப்பினார். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்டிப்பாகத் திரும்ப வர வேண்டும் என்றார்.

மறுநாள் நான் ஸ்கேனரில் அதை வைத்தேன். கண்ணாடியை மட்டும் அண்ணன் துடைத்துக் கொடுத்தார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கை அரிக்குது என்றார். அரிக்கட்டும் என்றேன். அம்மாவின் முகத்தை மட்டுமாவது கொஞ்சம் சரி செய்யலாமா, ஒரு மணி நேரம் போதும் என்று கெஞ்சினார். அதை அம்மாவிடமே கேட்டேன்.

“வேண்டாம். நான் அவகிட்ட என்னமோ சொல்லியிருக்கேன், அதுக்குத்தான் அவ சிரிக்கா. என் மூஞ்சியத் திருத்துனா அவ சும்மா சிரிச்ச மாதிரில்ல ஆயிரும்.”

பல்கலைக்கழகத் தளத்தில் கழுவிய படம் போய் கழுவாத படம் ஏறியது. கட்டடத்தைப் பற்றிய விவரத்துக்குக் கீழே பேராசிரியை அம்மாவிடம் கேட்டு ஐந்து பேருடைய பெயரையும், உட்கார்ந்திருக்கிற வரிசையில், போட்டார். இந்தக் கதையில் நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அங்கே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டியிலிருந்து அக்காவையும் அவள் மகளையும் வரச் சொல்லி, சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனோம். திரைச்சீலை போட்ட சின்னத் தடுப்புக்குள் நாங்கள் நான்கு பேர் எப்படி நுழைந்தோம் என்பது அதிசயம். ஐந்தாவது ஆளாக வந்த அண்ணனுக்கு இடமில்லை, வெளியே நின்றார். அந்தக் காலத்து இன்டர்நெட்டில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் கறை படிந்த வானம் வந்தது. பிறகு கிளி. பூச்சி அரித்த கிளி. தூணின் தலை. தூண் முழுக்க இறங்குவதற்குள் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. அதற்கப்புறம் வகிடு, நெற்றி, கண், சப்பை மூக்கு, பல்.

அக்கா திரையையும் தன் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எம் மக மாதிரியில்ல இருக்கா என்றாள், யாரிடமும் இல்லாமல். அந்தச் சின்னவள் உடனே வாயை மூடிப் பல்லை மறைத்துக்கொண்டாள். தமிழில் போட்டால் பாதிக் கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று பெயர்களை இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். சின்னவள்தான் எழுத்துக்கூட்டித் தன் ஆச்சியின் பெயரை வாய்விட்டு வாசித்தாள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் தன் கூட்டாளியைக் கூப்பிட்டதே இல்லை என்று அம்மா சிரித்தாள். அப்போதுதான் அக்கா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

நேரம் முடியப் போகிறது என்று கடைக்காரர் குரல் கொடுத்தார். அக்கா எழுந்திருக்கவில்லை.

“மறுபடியும் வந்தா இருக்குமா? யாரும் அழிச்சிர மாட்டாகளே?”

அது பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம் என்று நான் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் திரைச்சீலைக்கு வெளியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“மாட்டாக தாயி. நான் வாரா வாரம் வந்து பாத்துக்கிடுதேன்.”

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெயில் பார்க்க நான் அங்கே போனபோது, ஓரத்துத் தடுப்பின் வாசலில் அவர் செருப்புக் கிடந்தது.